காரின் குளிர் தானே அளவறிவது எப்படி?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

காருக்குள் குளிர்சாதனம் வைக்கும் எண்ணம் புதிதன்று. 1940ஆம் ஆண்டு மாடலாக வெளிவந்த அமெரிக்காவின் பாக்கார்டு காரிலேயே அது இருந்தது. ஆனால் குளிர் போதும் என்றால் எஞ்சினை நிறுத்தி, முன்மூடியைத் திறந்து, கம்ப்ரசரின் பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! 1964இல் கேடிலாக் 'கம்ஃபர்ட் கன்ட்ரோல்' என்ற அமைப்பைத் தந்தது. வேண்டிய வெப்பநிலையைக் குறித்துவிட்டால் மற்றதை அது பார்த்துக்கொள்ளும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே நம்மூர்க் கார்கள் பலவற்றிலும் உள்ள கைத்திருகு முறை.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அண்ணன் எட்டாம் வகுப்போடு கார் ஏ.சி. பட்டறைக்குப் போனவர், நான் தேர்வுக் கட்டணம் கட்டுவது அவர் சம்பளத்தில்தான். கைத்திருகு ஏ.சி.யைத் தானியங்கியாக மாற்றித் தரும்படி டாக்சிக்காரர் ஒருவர், அதுவும் கடன் வாங்கிக்கொண்டு, வந்திருப்பதாகச் சொல்லி, "செய்யலாமாடா?" என்று கேட்டார். அதற்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

நீலமும் சிவப்புமாய் உள்ள திருகு வெப்பநிலையைக் குறிப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அது குறிப்பது ஒரு கதவின் நிலையை மட்டுமே. எவாப்பரேட்டரில் குளிர்ந்த காற்றில் எவ்வளவு பங்கு, எஞ்சினின் சுடுநீர் ஓடும் ஹீட்டர் வழியே போக வேண்டும் என்பதை அக்கதவு பிரிக்கிறது. வெயில் ஏறினாலும் கதவு அசையாது. புழுக்கத்தை உணர்ந்து திருத்துவது ஓட்டுநரின் தோலும் கையும். இதையே பின்னூட்டம் என்கிறோம். அவரை விலக்கினால் இரண்டுக்கும் மாற்று வேண்டும்.

தோலுக்கு மாற்று தெர்மிஸ்டர். அண்ணன் ஒன்றை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு மீட்டரில் அளந்து காட்டினார். சூடேற ஏற மின்தடை குறைந்தது. "சூடானால் ரெசிஸ்டன்ஸ் கூடும்னுதானே உன் புத்தகத்தில் போட்டிருக்கு?" என்றார். நியாயமான கேள்வி. கூடுவது உலோகத்தில். தெர்மிஸ்டரோ அரைக்கடத்தி, சூடேறும்போது மின்னோட்டத்தைச் சுமக்கும் துகள்கள் அதில் பெருகுகின்றன. 25° செல்சியசில் 10,000 ஓம் உள்ள ஒரு வகை, 35°இல் ஏறத்தாழ 6,500 ஓம் ஆகிவிடும். அதனுடன் 10,000 ஓம் தடை ஒன்றைத் தொடராக இணைத்து 5 வோல்ட் கொடுத்தால், தெர்மிஸ்டரின் முனைகளுக்கிடையே 2.5 வோல்ட்டாக இருந்தது சுமார் 2 வோல்ட்டாக இறங்கும். அந்த அரை வோல்ட்டைத்தான் கட்டுப்பாட்டுப் பெட்டி படிக்கிறது. வெளிக்காற்றுக்கு இன்னொரு சென்சாரும், வெயிலுக்கு டாஷ்போர்டின் மேல் ஓர் ஒளியுணர் டயோடும் உண்டு.

கைக்கு மாற்று, கதவின் கேபிள் இருந்த இடத்தில் பல்சக்கரங்கள் கொண்ட சிறு மோட்டார். கதவு எங்கே நிற்கிறது என்று திருப்பிச் சொல்ல அதனுள் ஒரு பொட்டன்ஷியோமீட்டர். புளோயருக்கு, படிப்படியான ரெசிஸ்டர் போய் பவர் டிரான்சிஸ்டர் வரும். 12 வோல்ட்டில் பாதியை மோட்டாருக்குத் தந்து 8 ஆம்பியர் ஓடவிட்டால், மீதிப் பாதி 48 வாட் வெப்பமாக டிரான்சிஸ்டரில் இறங்கும். ஆகவே அதைக் காற்று ஓடும் வழியிலேயே பொருத்துகிறார்கள். பழைய வண்டியிலிருந்து முகப்புப் பலகையை மட்டும் வாங்கி மாட்டுவது வீண்செலவு என்பது இதனால் விளங்கும்.

அந்த டாக்சியில் ஹீட்டரே கிடையாது. விலை குறைந்த சில கார்கள் அப்படித்தான் வந்தன. சுடுகாற்று இல்லையேல் கலக்கும் கதவுக்கு வேலையில்லை. புளோயரின் வேகத்தையும் கம்ப்ரசரையும் மாற்றுவது ஒன்றே மிச்சம். கடன் வாங்கிச் செய்யும் அளவுக்கு அதில் பயனில்லை என்றேன். அண்ணன் அப்படியே அவரிடம் சொல்லிவிட்டார். பட்டறை முதலாளிக்குத்தான் வருத்தம்.

ஹீட்டர் உள்ள வண்டியில் செய்பவர்கள் உட்புறச் சென்சாரின் இடத்தைக் கவனிக்க வேண்டும். அது டாஷ்போர்டில் ஒரு சிறு சல்லடைக்குப் பின்னால் இருக்க, காருக்குள் உள்ள காற்று இடைவிடாமல் அதன்மேல் இழுக்கப்பட வேண்டும். சல்லடை தூசியால் அடைபட்டால் அது டாஷ்போர்டின் சூட்டையே அளக்கும். பின்னிருக்கையில் இருப்பவர் போர்வை தேட, பெட்டி மேலும் மேலும் குளிரூட்டிக்கொண்டிருக்கும்.