தினம் ஒரு பாட்டு: கிட்டார் பழகுவோருக்கு

விருந்தாளி வந்து "ஒரு பாட்டு வாசி" என்றால் பாதிப் பல்லவியோடு கை நின்றுவிடுகிறதா?

1. நாளைய பாட்டை இன்றே முடிவு செய்யுங்கள். ஷிப்ட் முடிந்து வந்து தேட ஆரம்பித்தால் அதிலேயே அரை மணி போய்விடும்.

2. அமராவதி நகரிலிருந்து உடுமலைக்குப் பஸ்ஸில் போகும்போதே அதைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். காதில் ஏறியது கைக்குச் சீக்கிரம் வரும்.

3. முதலில் ஜி, சி, டி, இ மைனர் என நான்கு கார்டுகளில் அடங்கும் பாட்டுகளே போதும். சுருதி ஒத்துவரவில்லையா? கேப்போ மாட்டுங்கள், ஒரு ஃப்ரெட் தள்ளினால் அரை ஸ்வரம் ஏறும், விரல் பிடி மாறாது. 1982-இல் வந்த 'இளைய நிலா'வின் கிட்டாருக்கு ஆசைப்படாதவர் யார்? அதை மட்டும் தினப் பாட்டாக எடுக்காதீர்கள். ஞாயிறுதோறும் துண்டு துண்டாகப் பழகுங்கள். ஒரே நாளில் அது படியாது.

4. பல்லவி, ஒரு சரணம் வந்தால் நிறுத்துங்கள். கூடிப் பாட அவ்வளவே வேண்டும்.

5. போன வாரப் பாட்டை வாசித்துவிட்டே புதியதைத் தொடுங்கள். இல்லாவிட்டால் இது வர அது போகும்.

6. வாசித்ததும் கம்பிகளைத் துடையுங்கள். வியர்வை துருப்பிடிக்க வைக்கும். பனியன் வேஸ்ட்டுக்கா நம்ம பக்கம் பஞ்சம்!