வண்டியை வெறுமனே திருப்பாதே

அன்புத் தம்பிக்கு,

ஓ.எம்.ஆர் வேலையை விட்டுவிட்டு மதுராந்தகம் பக்கம் நிலம் பிடித்து, ஞாயிறுதோறும் அடையாறுக்கும் மயிலாப்பூருக்கும் கீரையும் காயும் கொண்டுவருகிறாய். அடுத்த பட்டத்திலேயே ரசாயன உரத்தை அடியோடு நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தாய். நிறுத்தத்தான் வேண்டும். அதற்கு முன் ஒரு கணக்கைப் பார்த்துவிடு.

முதலில், வரப்போரப் புங்கமரத்தடியில் ஒரு மண்கட்டி, வயல் நடுவில் ஒரு மண்கட்டி எடுத்து நிழலில் காயவை. இரண்டு கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் ஊற்றி மெல்லப் போடு. மரத்தடிக் கட்டி நெடுநேரம் குலையாமல் கிடக்கும். வயல் கட்டி நீ பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொலபொலவென்று உதிர்ந்து தண்ணீரைக் கலக்கிவிடும். துகள்களைச் சேர்த்துப் பிடிக்கிற மட்கும் வேரும் பூஞ்சை இழைகளும் அதில் தீர்ந்துபோய்விட்டன. அப்படிப்பட்ட நிலத்தில் மழை உள்ளே இறங்காது. மேல்மண்ணை அடித்துக்கொண்டு ஓடிவிடும். மண் பரிசோதனையில் கரிமச்சத்து 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 'குறைவு' என்று எழுதித் தருவார்கள். அந்தச் சீட்டைப் பத்திரமாக வை.

மண் இப்படி ஆனதற்காக உனக்கு முன்னால் உழுதவரைக் குறை சொல்லாதே. 2010-ல் மத்திய அரசு உர மானியத்தை மாற்றியபோது யூரியாவை மட்டும் பழைய முறையிலேயே விட்டுவைத்தது. மற்ற உரங்களின் விலை ஏறியது, யூரியா மலிவாகவே நின்றது. கையில் காசில்லாதவர் எதை அள்ளிப் போடுவார்? பயிர் கருகருவென்று தழைத்தது, பூச்சியும் பின்னாலேயே வந்தது. பசுமைப் புரட்சிக்கு முன்நின்ற எம்.எஸ்.சுவாமிநாதனே 1968 ஜனவரியில், வாரணாசி அறிவியல் மாநாட்டில், மண்வளத்தைக் காக்காத தீவிர சாகுபடி நிலத்தைப் பாலையாக்கிவிடும் என்று எச்சரித்திருந்தார். அந்தப் பேச்சை அன்றே நாடு காதில் வாங்கியிருக்கலாம் என்று எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஆனால் ஒரே நாளில் நிறுத்தினால் என்னாகும் என்பதை இலங்கை காட்டிவிட்டது. 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை. அந்த ஆண்டு நவம்பருக்குள் தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. நெல் விளைச்சல் சரிந்தது, அரிசியை வெளியிலிருந்து வாங்கினார்கள். எடுப்பதை நிறுத்தாமல் கொடுப்பதை மட்டும் நிறுத்தினால் மண் என்ன செய்யும்?

உன் கணக்குக்கு வருகிறேன். தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழு. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்த பலதானிய விதைப்பையும் செய். தழைச்சத்தைப் பயறுவகைகள் காற்றிலிருந்து பிடித்துத் தந்துவிடும், மட்கும் ஏறும். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் காற்றிலிருந்து வராது. அவை நீ கட்டிய கீரைக்கட்டோடு வண்டியேறி மயிலாப்பூருக்கு வந்துவிட்டன. பஞ்சகவ்யமும் ஜீவாமிர்தமும் மண்ணுயிர்களைத் தட்டியெழுப்பலாம். போன மூட்டையை அவற்றால் ஈடுகட்ட முடியாது. இதைப் பலர் உன்னிடம் சொல்லமாட்டார்கள் என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

இங்கே வந்தது எங்கே போகிறது? வாழைத்தோல், வாழைப்பூ மடல், முருங்கைச் சக்கை, கீரைத்தண்டு எல்லாம் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து குப்பை லாரியில் ஏறுகிறது. இப்படித்தான் தென்சென்னை பல ஆண்டுகளாகப் பெருங்குடியில், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குள், மலையாகக் குவித்தது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வயல்களின் சத்து அங்கே சதுப்புநிலத்தைக் கெடுத்துக்கொண்டு கிடந்தது. இதைவிடப் பெரிய வீண் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே உன்னிடம் வாங்குகிறவர்களைப் பங்காளிகளாக்கு. மாடியில் துளையிட்ட டிரம்மில் காய்கறிக் கழிவும் காய்ந்த சருகும் மாற்றி மாற்றிப் போட்டு மக்கவைக்கச் சொல். சருகு குறைந்தால் நாறும், வீட்டில் சண்டை வரும், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடு. மக்கியதை நீ கொண்டுவரும் காலிக் கூடையிலேயே திருப்பி வாங்கிக்கொள். குப்பைமேட்டைக் கிளறிச் சலித்த உரம் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கண்ணாடித்துண்டும் பேட்டரி உலோகமும் வயலுக்குள் போனால் திரும்ப எடுக்க முடியாது.

ஒரு காணியில் மட்டும் இந்தப் பட்டம் ரசாயனத்தை நிறுத்து. மற்ற இடத்தில் ஒவ்வொரு போகமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறை. மாடவீதிப் பக்கம் நாலு வீடு நான் பேசித் தருகிறேன். எந்த ஞாயிறு முதல் கூடை எடுத்துக்கொள்வாய் என்று எழுது.

அன்புடன்,
மயிலாப்பூரிலிருந்து உன் அண்ணன்