அணித்தலைவர் கோலிசி

பந்தாட்டங்கள் பலவற்றுள் உடல் வலிமையும் ஓட்டமும் ஒருங்கே வேண்டப்படுவது ரக்பி ஆகும். இங்கிலாந்தில் தோன்றிய இவ்வாட்டத்தில் அணிக்கு 15 பேர் ஆடுவர். ஆட்டம் 80 நிமிடம் நிகழும். பந்து முழு உருண்டையாக இராது; முட்டைபோல் நீண்டிருக்கும். அதனைக் கையில் ஏந்தி ஓடலாம், காலால் உதைக்கலாம். எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து நிலத்தில் பதித்தால் 5 புள்ளிகள் கிடைக்கும். ஆயினும், கையால் பந்தை முன்னோக்கி எறிதல் கூடாது என்பது விதி. முன்னேறிச் செல்லும் வீரன், தனக்குப் பக்கத்திலோ பின்னாலோ வரும் தோழனுக்கே அதனைக் கொடுத்தல் வேண்டும். இவ்விளையாட்டில் தென்னாப்பிரிக்க அணிக்குத் தலைமை தாங்கி உலகப் புகழ் எய்தியவர் சியா கோலிசி.

கோலிசியின் பெருமையை உணர வேண்டுமாயின், அவர் பிறந்த நாட்டின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 1948ஆம் ஆண்டு முதல் இன ஒதுக்கல் அரசின் கொள்கையாயிற்று. கறுப்பர் வாழும் இடம் வேறு, வெள்ளையர் வாழும் இடம் வேறு. பள்ளி வேறு, ஆடுகளம் வேறு. நாட்டின் சார்பில் ஆடும் ரக்பி அணிக்கு ஸ்பிரிங்பாக் என்பது பெயர். அது அந்நாட்டில் துள்ளித் திரியும் ஒருவகை மானைக் குறிக்கும். அவ்வணியின் பச்சைச் சட்டையை அணியும் உரிமை நெடுங்காலம் வெள்ளையர்க்கே இருந்தது. கறுப்பர் இவ்வாட்டத்தை அறியாதவர் அல்லர். கிழக்குக் கேப் பகுதியில் வாழும் கோசா மக்களிடையே 19ஆம் நூற்றாண்டிலேயே இது வேரூன்றியிருந்தது. எனினும், எத்துணைத் திறம் பெற்றிருப்பினும் அவர்களுக்கு நாட்டின் அணியில் இடமில்லை. ஆதலால் ஸ்பிரிங்பாக் அணி அயல்நாட்டாரோடு பொருதும்போது, கறுப்பர் பலர் அயல்நாட்டாரின் வெற்றியையே விரும்பினர். சொந்த நாட்டின் தோல்வியில் மக்கள் மகிழ நேர்வது எத்துணைத் துயரமான நிலை!

இந்நிலை மெல்ல மெல்ல மாறியது. 1994ஆம் ஆண்டில் எல்லா இனத்தவரும் வாக்களித்த தேர்தல் நடைபெற்றது. 27 ஆண்டுகள் சிறையிலிருந்த நெல்சன் மண்டேலா குடியரசுத் தலைவரானார். மறு ஆண்டில் உலகக் கோப்பைப் போட்டி அந்நாட்டிலேயே நிகழ்ந்தது. இறுதி ஆட்டத்தன்று மண்டேலா, அணித்தலைவர் பிரான்சுவா பினார் அணியும் 6ஆம் எண் பொறித்த பச்சைச் சட்டையைத் தாமும் அணிந்து களத்துக்கு வந்தார். தம் மக்களை ஒதுக்கிவைத்த சட்டையை அவரே உவந்து அணிந்தது கண்டு மக்கள் வியந்தனர். தென்னாப்பிரிக்கா நியூசிலாந்தை 15-12 என்ற கணக்கில் வென்றது. ஆயினும், அன்று வென்ற அணியில் ஆடிய வெள்ளையரல்லாதார் செஸ்டர் வில்லியம்ஸ் ஒருவரே. கதவு திறந்துவிட்டது, ஆனால், உள்ளே செல்லும் வழி கடினமாகவே இருந்தது.

அவ்வழியில் நடந்து சென்றவரே கோலிசி. இன வாரியாக மக்களைப் பதிவு செய்த சட்டம் 1991ஆம் ஆண்டு சூன் 17ஆம் நாள் நாடாளுமன்றத்தில் நீக்கப்பட்டது. அதற்கு முந்திய நாள், போர்ட் எலிசபெத் நகரையடுத்த ஸ்விடே என்னும் கறுப்பர் குடியிருப்பில் ஓர் ஏழைக் குடும்பத்தில் அவர் பிறந்தார். அந்நகர் 2021 முதல் கெபெர்ஹா எனப் பெயர் பெற்றுள்ளது. குழந்தைக்குச் சியாம்தாண்டா என்று பெயரிட்டனர். 'நாங்கள் அவனை நேசிக்கிறோம்' என்பது கோசா மொழியில் அதன் பொருள். அப்பெயருக்கேற்ப அவனை அன்போடு வளர்த்தவர் அவனுடைய பாட்டியார். அன்பு நிறைந்த அவ்வீட்டில் உணவு நிறைந்திருக்கவில்லை. பசியோடு உறங்கிய இரவுகள் பல. விளையாட்டுப் பொருள் வாங்கப் பணமில்லை. செங்கல் ஒன்றையே வண்டியாகக் கருதி மண்ணில் ஓட்டி மகிழ்ந்தான். கல்வி பயிலும் பருவத்திலேயே பாட்டியாரையும் தாயாரையும் இழந்தான்.

ஸ்விடேயில் இருந்த ஆப்பிரிக்கன் பாம்பர்ஸ் என்னும் சங்கத்தில் சிறுவன் ரக்பி பயின்றான். 12ஆம் வயதில் மோசெல் பே என்னுமிடத்தில் நடந்த இளைஞர் போட்டியில் கலந்துகொண்டான். ஆட்டத்துக்குரிய காற்சட்டை அவனிடம் இல்லை. உள்ளே அணியும் காற்சட்டையோடே களத்தில் இறங்கினான். உடையைக் கண்டு நகைத்தவர் இருந்திருக்கலாம். ஆட்டத்தைக் கண்டவரோ வியந்தனர். அதன் பயனாகக் கிரே என்னும் புகழ்பெற்ற பள்ளியில் உதவிச் சம்பளத்தோடு பயிலும் வாய்ப்புக் கிட்டியது. ஆங்கிலம் அவனுக்குப் புதிது, சூழலும் புதிது. எனினும், வேளைதோறும் உணவு கிடைத்தது, உடல் வலுப்பெற்றது, ஆட்டமும் வளர்ந்தது. 2007ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்கா இரண்டாம் முறை உலகக் கோப்பையை வென்றபோது, வீட்டில் தொலைக்காட்சி இல்லாமையால், குடியிருப்பிலிருந்த மதுக்கடையொன்றில் நின்று அவ்வாட்டத்தைக் கண்டான்.

2013ஆம் ஆண்டு சூன் 15ஆம் நாள் ஸ்காட்லாந்துக்கு எதிராகக் கோலிசி முதன்முறை நாட்டுக்காக ஆடினார். ஆட்டத் தொடக்கத்திலேயே ஒருவர் காயமுற, அவருக்குப் பதிலாக இறங்கிய கோலிசியே அன்றைய சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2018ஆம் ஆண்டில் பயிற்சியாளர் ராசி எராஸ்மஸ் அவரை அணித்தலைவராக்கினார். ஸ்பிரிங்பாக் அணியின் முதல் டெஸ்ட் ஆட்டம் 1891இல் நிகழ்ந்தது. அதன்பின் 127 ஆண்டுகள் கழித்தே ஒரு கறுப்பர் டெஸ்ட் ஆட்டத்தில் அவ்வணிக்குத் தலைவரானார்.

இந்நியமனம் ஆற்றல் நோக்கியதா, நிறம் நோக்கியதா என ஐயுற்றோரும் இருந்தனர். தாம் ஓரினத்துக்கு மட்டும் உரியவர் அல்லர், தென்னாப்பிரிக்கர் அனைவர்க்கும் உரியவர் என்பதே கோலிசியின் நிலை. எஞ்சிய விடையை ஆட்டம் அளித்தது. அவர் தலைமையில் நிகழ்ந்த முதல் ஆட்டத்தில் இங்கிலாந்து 24-3 என முன்னணியில் நின்றது. கோலிசியின் அணி தளரவில்லை. 42-39 என்ற கணக்கில் வென்றது.

2019ஆம் ஆண்டு சப்பானில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் தென்னாப்பிரிக்கா தன் முதல் ஆட்டத்தில் நியூசிலாந்திடம் தோற்றது. முதற்கட்டத்தில் தோல்வியுற்ற எவ்வணியும் அதற்குமுன் கோப்பையை வென்றதில்லை. எனினும், நவம்பர் 2ஆம் நாள் யோக்கோகாமாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தை 32-12 என வீழ்த்தியது. அது கோலிசியின் 50ஆவது டெஸ்ட் ஆட்டம். அவர் அணிந்திருந்தது, மண்டேலா அன்று அணிந்த அதே 6ஆம் எண். வேறுபட்ட இனங்களையும் சூழல்களையும் சேர்ந்தவர்கள் ஒரே நோக்கத்தோடு உழைத்தமையே வெற்றிக்குக் காரணம் என அவர் கூறினார். மகனின் ஆட்டத்தைக் காண அவர் தந்தையார் சப்பானுக்கு வந்திருந்தார்.

2023ஆம் ஆண்டு ஏப்பிரலில் கோலிசியின் முழங்காலில் பெருங்காயம் ஏற்பட்டது. அவ்வாண்டின் உலகக் கோப்பையில் அவர் ஆடுவது அரிது எனப் பலர் எண்ணினர். அறுவை மருத்துவத்துக்குப் பின் விடாது பயின்று, ஆகஸ்டில் மீண்டும் களம் புகுந்தார். பிரான்சை 29-28 எனவும், இங்கிலாந்தை 16-15 எனவும் வென்று அவரது அணி இறுதி ஆட்டத்தை அடைந்தது. பாரிசு நகரையடுத்து நியூசிலாந்தோடு நடந்த அவ்வாட்டத்தில், தவறான மோதலுக்காக அணித்தலைவரே மஞ்சள் அட்டை பெற்று 10 நிமிடம் வெளியில் அமர நேர்ந்தது. தலைவர் இல்லாத வேளையில் தோழர்கள் அணியைக் காத்து நின்றனர். முடிவில் 12-11 எனத் தென்னாப்பிரிக்கா வென்றது. தொடர்ந்து இருமுறை உலகக் கோப்பையை வென்ற தலைவர், அவருக்கு முன் நியூசிலாந்தின் ரிச்சி மெக்கா ஒருவரே.

கோப்பையால் மட்டும் ஒரு நாட்டின் வறுமை தீர்ந்துவிடாது. இதனைக் கோலிசி நன்கு அறிவார். தாயார் மறைந்தபின் பிறர் பராமரிப்பில் வளர்ந்த தம் தம்பியையும் தங்கையையும் தேடிக் கண்டு, 2014ஆம் ஆண்டில் தம் இல்லத்துக்கு அழைத்து வந்தார். 2020ஆம் ஆண்டில், கொரோனா நோய் பரவிய காலத்தில், தம் பெயரால் ஓர் அறநிலையம் நிறுவி, பசித்தோர்க்கு உணவு கிடைக்க வழி செய்தார். பசியோடு உறங்கிய சிறுவனை வளர்ந்தபின்னும் அவர் மறக்கவில்லை.

முன்னே செல்பவன் பந்தைப் பின்னே வருபவனுக்குக் கொடுத்தல் வேண்டும் என்பது ரக்பியின் விதி. களத்துக்குள் எல்லா வீரரும் அவ்விதிக்குக் கட்டுப்படுகின்றனர். களத்துக்கு வெளியேயும் அதனைக் கடைப்பிடித்தவர் கோலிசி.