பொதுத்தேர்வுத் தாளில் எத்தனை மார்க் எழுத வேண்டும்?

அரையாண்டு மதிப்பெண் வந்ததும் நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு பேச்சுகள்தான். "இன்னும் நல்லா படி" என்பது ஒன்று. "இவனுக்கு இன்ஜினியரிங் எல்லாம் கிடைக்காது, கம்பெனியில் சேர்த்துவிடலாம்" என்பது இன்னொன்று. மேனாம்பேட்டுக்குப் பக்கத்திலேயே அம்பத்தூர் எஸ்டேட் இருப்பதால் இரண்டாவது பேச்சு சீக்கிரம் முடிவாகியும் விடுகிறது. முடிவு செய்யும் முன் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பிளஸ் டூவில் ஒவ்வொரு பாடத்துக்கும் 100 மதிப்பெண். இயற்பியல், வேதியியல் போன்ற செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அக மதிப்பீடு 10. கணிதம், தமிழ், ஆங்கிலம் போன்றவற்றில் எழுத்துத் தேர்வு 90, அக மதிப்பீடு 10. தேர்ச்சிக்கு 35. "பிராக்டிகலும் இன்டர்னலும் சேர்த்து 30 வந்துவிடும், தாளில் 5 எடுத்தால் போதும்" என்று சில பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது தவறு. 70 மதிப்பெண் தாளில் குறைந்தது 15, 90 மதிப்பெண் தாளில் குறைந்தது 25 எடுத்தே ஆக வேண்டும்.

இனி பொறியியல் கட்-ஆஃப். மொத்தம் 200. கணித மதிப்பெண் முழுதாகச் சேரும். இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாகச் சேரும்.

ஒரு மாணவிக்கு 170 தேவை என்று வைத்துக்கொள்வோம். இயற்பியலில் 80, வேதியியலில் 84 எடுக்க முடியும் என்று நினைக்கிறார். இரண்டிலும் பாதி, 40 + 42 = 82. மீதி 88 கணிதத்தில் வர வேண்டும். கணித அக மதிப்பீட்டில் 10 கிடைத்தால், தாளில் எழுத வேண்டியது 90க்கு 78. மற்ற இரண்டிலும் செய்முறை, அக மதிப்பீடு சேர்ந்து 29 வந்தால், இயற்பியல் தாளில் 70க்கு 51, வேதியியல் தாளில் 55.

இயற்பியலில் 6 மதிப்பெண் குறைந்தால் கட்-ஆஃபில் 3தான் குறையும். கணிதத்தில் 3 கூடுதலாக எடுத்தால் அது சரியாகிவிடும். கடைசி மாதத்தில் எந்தப் பாடத்துக்கு அதிக நேரம் கொடுப்பது என்பது இதிலேயே தெரிந்துவிடும். (டியூஷன் பணமும் அப்படியே.)

அந்த 170 எங்கிருந்து வந்தது? பக்கத்து வீட்டுப் பையன் சொன்னதாக இருக்கக் கூடாது. சென்ற ஆண்டுகளில் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்தக் கட்-ஆஃப் வரை இடம் கிடைத்தது என்ற விவரம் பொறியியல் சேர்க்கை இணையதளத்தில் உள்ளது. அதில் பி.சி.எம். என்ற பத்தியைத் தனியாகப் பாருங்கள். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத ஒதுக்கீடு அதுதான். பொதுப் பிரிவின் எண்ணைப் பார்த்து மனம் விட்டவர்கள், இந்தப் பத்தியையும் பார்த்த பிறகு முடிவு செய்யட்டும். சாதிச் சான்றிதழ் கையில் இல்லையென்றால் இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள்.

கல்லூரியில் படிப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. தாளை 100க்கு எழுதுவார்கள். அது 60க்குக் குறைக்கப்படும். இன்டர்னல் 28 உள்ள மாணவருக்கு 'ஏ' கிரேடு, அதாவது 71 வேண்டுமானால் இன்னும் 43 தேவை. 43ஐ 100ஆல் பெருக்கி 60ஆல் வகுத்தால் 71.67 வரும். ஆகவே தாளில் 72 எடுக்க வேண்டும். அதே மாணவர் 'ஓ' கிரேடுக்கு, அதாவது 91க்கு ஆசைப்பட்டால் 60க்கு 63 தேவைப்படும்! அந்த வாய்ப்பு இன்டர்னலிலேயே போய்விட்டது. இந்தக் கணக்கைச் செமஸ்டர் தேர்வுக்கு முந்தின வாரம் போட்டுப் பயனில்லை. முதல் இன்டர்னல் மார்க் வந்த அன்றே பிள்ளையோடு உட்கார்ந்து போடுங்கள்.