எட்டாம் வகுப்பின் கடைசி மாதங்கள்

நடுநிலைப் பள்ளியின் ஆண்டு முடிவு தொடக்கப் பள்ளியின் ஆண்டு முடிவைப் போன்றதன்று. உயர்நிலைப் பள்ளியினுடையதைப் போன்றதும் அன்று. ஐந்தாம் வகுப்பை முடித்த குழந்தை அதே வளாகத்தில், அதே வேப்பமரத்தைத் தாண்டி, அடுத்த அறைக்கு மாறிவிடுகிறது. பத்தாம் வகுப்பை முடித்தவர்களுக்கோ அரசுத் தேர்வும் அதன் முடிவும் கைக்கு வரும் சான்றிதழும் இனிச் செல்ல வேண்டிய திசையைக் காட்டிவிடுகின்றன. எட்டாம் வகுப்பை முடித்து வெளியேறும் 13, 14 வயதுப் பிள்ளையின் நிலை வேறு. இதுகாறும் தன்னைப் பெயர் சொல்லி அழைத்து வந்த ஓர் இடம் ஏப்ரல் மாதத்தோடு முடிந்து, தன் பெயரையே அறியாத மற்றோர் இடம் ஜூன் மாதத்தில், ஒரு பஸ் பிரயாணத்துக்கு அப்பால் தொடங்குகிறது. 2009ஆம் ஆண்டில் நிறைவேறி 2010 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 வயது முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு எட்டாம் வகுப்பு முடியும் வரையில் பாதுகாப்பு அளிக்கிறது. அந்தப் பாதுகாப்பு எந்த இடத்தில் நின்றுவிடுகிறதோ அந்த இடத்தில்தான், ஏழைக் குடும்பங்களில், படித்தது போதும் என்ற பேச்சும் தலையெடுக்கிறது.

திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஒரு சிற்றூரின் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் நெடுங்காலம் ஆசிரியையாகவும் பின்னர்த் தலைமையாசிரியையாகவும் இருந்தவள் நான். ஆண்டு விழா, சுற்றுலா, கையெழுத்துப் பத்திரிகை, பிரிவுபசாரம் என்று மாசியிலிருந்து சித்திரை வரையில் ஒரு பள்ளியில் நடைபெறும் விசேஷங்கள் யாவும், அந்தப் பிள்ளை ஜூன் மாதத்தில் மற்றொரு பள்ளியின் வாசலில் கூசாமல் காலடி எடுத்து வைக்க வேண்டும் என்ற ஒரே நோக்கத்தை ஒட்டி அமைய வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். இளைய ஆசிரியர்கள் சிலர் கேட்டுக்கொண்டதன் பேரில், அநுபவத்தில் பயன் கண்ட சில முறைகளை இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, விழாவுக்கு நாள் பார்ப்பது. எங்கள் பக்கத்தில் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதற்கு முன் வயலைப் பார்க்க வேண்டும். சம்பா அறுப்புக்குச் சில நாட்கள் முன்பே ஈர வயலில் தெளித்துவிட்ட உளுந்தும் பயறும் பங்குனியில் முற்றிவிடுவதால், அந்த மாதத்தில் தாய்மார்கள் விடியுமுன்பே வயலுக்குப் போய்விடுவார்கள்; ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பெண்கள் வீட்டிலுள்ள சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நின்றுவிடுவார்கள். கோயில் திருவிழாக்களும் அப்போதே தொடங்கிவிடுவதால் மைக் செட்டும் பந்தல் சாமான்களும் கிடைப்பதரிது. கிடைத்தாலும் வாடகை அதிகம். ஆகவே, அறுவடை முடிந்து கையில் சிறிது காசும் மனத்தில் சிறிது ஓய்வும் இருக்கிற மாசி மாத நடுவில் ஆண்டு விழாவை வைத்துக்கொண்டால், ஊர் முழுவதும் வந்து உட்காரும். ஒத்திகையால் பாடம் கெடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: 2012-13ஆம் கல்வியாண்டில் முப்பருவ முறை வந்த பிறகு, ஜனவரிக்குப் பின் நடத்துகிற பாடத்தை மட்டுமே மூன்றாம் பருவத் தேர்வுக்குப் படித்தால் போதும் என்றாகி, மாலை வேளையில் ஒரு மணி நேரம் விழாவுக்கு ஒதுக்குவது எங்களுக்குக் கஷ்டமாகவே இருந்ததில்லை.

விழா மேடையில் எல்லாக் குழந்தைகளும் ஏற வேண்டுமா, தேர்ந்தவர்கள் மட்டும் ஏறினால் போதுமா என்ற வாதம் ஆசிரியர் அறையில் ஆண்டுதோறும் எழும். எல்லாரும் ஏற வேண்டும். ஏற விரும்பாத குழந்தைக்கு மேடைக்குப் பின்னால் பெயர் சொல்லி ஒப்படைக்கப்பட்ட ஒரு வேலை இருக்க வேண்டும். திரைச்சீலையின் கயிறு, ஒலிபெருக்கிக்காரருக்குப் பக்கத்தில் நின்று பாட்டு வரிசையைச் சொல்லுதல், சிறு வகுப்புக் குழந்தைகளை அவரவர் முறைக்கு முன் தண்ணீர் குடிக்க வைத்து வரிசையில் நிறுத்துதல் ஆகிய ஒவ்வொன்றும் பொறுப்பான காரியமே. ஆடு ஓட்டிப் போவதால் வாரத்தில் இரண்டொரு நாள் பள்ளிக்கு வராத ஒரு பையனிடம் ஓராண்டு திரைச்சீலையை ஒப்புவித்தேன். நிகழ்ச்சி தொடங்கியதிலிருந்து முடியும் வரையில் அவன் கயிற்றை விட்டுக் கையை எடுக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டபோதும், "அடுத்தது கோலாட்டம் டீச்சர், திரை இழுக்கணும்" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றான். மறுநாள் முதல் அவன் தவறாமல் பள்ளிக்கு வந்தான் என்று சொல்ல மாட்டேன். வராத நாளுக்கு மறுநாள், எதற்காக வரவில்லை என்பதை யாரும் கேட்காமலே என்னிடம் வந்து சொல்லத் தொடங்கினான். அந்தப் பிள்ளைக்கும் பள்ளிக்கும் இடையே ஒரு பேச்சு வார்த்தை உண்டாகிவிட்டது. வேறு எந்தப் பரிசும் அதைச் செய்திருக்க முடியாது.

என்ன நிகழ்ச்சிகளை வைப்பது என்பதிலும் ஒரு தீர்மானம் வேண்டும். சினிமாப் பாட்டு ஒன்றை ஓடவிட்டு அதற்கு ஆட வைப்பது சுலபம். ஆனால் அதற்கு வாடகை உடை வேண்டும், அந்த வாடகைக்காக ஒரு தாய் கடன் வாங்குவாள், அவள் பெண் மேடையில் நிற்கும் நேரமோ ஐந்து நிமிஷம். நாங்கள் கும்மி, கோலாட்டம், ஒயிலாட்டம் ஆகியவற்றோடு குழந்தைகளே எழுதிய சிறு நாடகம் ஒன்றும் என்று வைத்துக்கொண்டோம். உடை, வீட்டில் உள்ள சேலையும் தாத்தாவின் துண்டும். கோலாட்டக் கழி, ஊர்த் தச்சர் கடைந்து கொடுத்தது. கும்மி கற்றுக்கொடுக்க ஊரிலிருந்த ஒரு பாட்டியை அழைத்திருந்தோம். ஒத்திகையைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "என்ன டீச்சரம்மா, இதுவா கும்மி? நாத்தங்கால்ல குருவி வெரட்டுற மாதிரியில்ல இருக்கு!" என்று சொல்லி, இடுப்புச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்து தட்டும் தட்டு எது, நிமிர்ந்து தட்டும் தட்டு எது, எந்த இடத்தில் விரல் மட்டும் பட வேண்டும், எந்த இடத்தில் உள்ளங்கை முழுதும் பட வேண்டும் என்று தனித்தனியே பிரித்துக் காட்டினார். அவருடைய பேத்தி எட்டாம் வகுப்பில் யாரோடும் அதிகம் பேசாத பெண். அன்று முதல் மற்றப் பெண்கள் சந்தேகம் கேட்க அவளிடம்தான் போனார்கள்.

விருந்தினர் பேச்சைச் சுருக்கிக்கொள்ளும்படி முன்னதாகவே மரியாதையுடன் கேட்டுக்கொள்வது நல்லது. பனியில் குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொன்னால் எவரும் தவறாக எண்ணுவதில்லை. ஆண்டறிக்கையைத் தலைமையாசிரியர் வாசிப்பதைக் காட்டிலும் எட்டாம் வகுப்பு மாணாக்கர் இருவர் எழுதி வாசிப்பது விசேஷம். நூலகத்திலிருந்து எத்தனை புத்தகங்கள் வெளியே போயின, எந்த மாதத்தில் வருகை குறைந்தது, ஊரார் பள்ளிக்கு என்னென்ன கொடுத்தார்கள் என்பதையெல்லாம் பதிவேடுகளிலிருந்து அவர்களே எடுத்து எழுத வேண்டும். இதில் கடைசி விஷயத்துக்கு ஒரு பழைய கௌரவம் உண்டு. காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில், கல்வித்துறை இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்து, ஏழை எளியவர்களும் தம்மால் இயன்ற பெஞ்சும் கடிகாரமும் தட்டும் டம்ளரும் பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். கொடுத்தவர் பெயரை ஒரு குழந்தையின் வாயால் மேடையில் கேட்கிற ஊர், பள்ளியைத் தன்னுடையதாக நினைக்கும்.

சுற்றுலாவுக்குத் தூர தேசம் போக வேண்டியதில்லை. நாங்கள் வேதாரண்யத்துக்கு அழைத்துப் போவோம். 1930 ஏப்ரலில் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்கள் திருத்துறைப்பூண்டி வழியாகத்தான் அங்கே நடந்து சென்றார்கள் என்பதை, அதே சாலையில் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும் போது சொன்னால், பாடப் புத்தகத்திலிருந்த நாலு வரிகள் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கும். அளங்களில் நீண்ட கழியில் பொருத்திய பலகையால் உப்பை வாரிக் குவிக்கிறவர்களிடம் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. வெள்ளை வெயிலில் கண் எப்படித் தாங்குகிறது என்று ஒரு பையன் கேட்டதற்கு, ஒரு பெண்மணி பதில் சொல்லாமல் தம் காலை நீட்டி, உப்பு நீர் அரித்த பாதத்தைக் காட்டினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் வெகு நேரம் யாரும் பாடவில்லை.

கையெழுத்துப் பத்திரிகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு ஒரு பிரதிதான். அச்சும் இல்லை, விற்பனையும் இல்லை. எட்டாம் வகுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் உண்டு. கட்டுரை எழுது, கவிதை எழுது என்று சொன்னால் பெரும்பாலானோர் புத்தகத்திலிருந்து எடுத்து எழுதிவிடுவார்கள். ஆறாம் வகுப்புக்கு வரப்போகும் தம்பி தங்கைகளுக்கு இந்தப் பள்ளியைப் பற்றி நீ தெரிந்துவைத்திருப்பதை எழுது என்று சொன்னால், சொந்தக் கையெழுத்தோடு சொந்த வாக்கியமும் வரும். கைப்பம்பில் காலையில் முதலில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு அடித்தால்தான் நீர் ஏறும் என்று ஒரு பெண் படம் போட்டு எழுதியிருந்தாள். கணக்கு சார் கோபித்தால் பயப்பட வேண்டாம், மத்தியானத்துக்குள் அவரே கூப்பிட்டு மறுபடியும் சொல்லித் தருவார் என்று ஒருவன் எழுதியிருந்தான். பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தலாகாது. தனியே சொல்லி அவர்களையே திருத்தி எழுதச் செய்ய வேண்டும். தைத்து அட்டை போட்ட பிரதியை நூலக அலமாரியில் வைத்தால், பழைய மாணாக்கர் பொங்கலுக்கு ஊர் வரும்போது அதைத் தேடிக்கொண்டு பள்ளிக்கு வருவார்கள்.

இவை எல்லாவற்றினும் முக்கியமானது, மார்ச் மாதத்தில் ஒரு நாள் எட்டாம் வகுப்பு முழுவதையும் அவர்கள் சேரப்போகும் உயர்நிலைப் பள்ளிக்கு அழைத்துப் போவது. வாடகை வண்டியில் போகக் கூடாது. ஜூன் மாதத்தில் அவர்கள் ஏறப்போகும் அதே பஸ்ஸில், அதே நேரத்தில் போக வேண்டும். எந்த நிறுத்தத்தில் இறங்குவது, மாலையில் திரும்பும் பஸ் எப்போது, அது தவறினால் அடுத்தது எப்போது, இலவசப் பயண அட்டைக்கு யாரைப் பார்ப்பது, பெண்களுக்குக் கழிப்பறை எந்தப் பக்கம் என்பனவற்றைக் கண்ணால் பார்த்துவிட்டால் பாதி அச்சம் போய்விடும். பெண்குழந்தைகளின் தாய்மாரில் சிலரையாவது உடன் அழைத்துப் போக வேண்டும். படிப்பை நிறுத்திவிடலாம் என்று வீட்டில் எண்ணுவதற்கு உண்மையான காரணம், பெரும்பாலும் பணமன்று. வயதுக்கு வந்த பெண் தனியே எந்த வழியாகப் போவாள், எங்கே நிற்பாள் என்று தெரியாத கவலையே. அங்கே ஏற்கெனவே ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் நம் பள்ளிப் பெண்களைக் கொண்டே சுற்றிக் காட்டச் செய்தால் அந்தக் கவலைக்கு ஓர் ஆறுதல் கிடைக்கிறது.

மாற்றுச் சான்றிதழை எழுதி முடித்த பிறகு கொடுப்பதைவிட, எழுதுவதற்கு முன்பே பெற்றோரை வரவழைத்து, சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி மூன்றையும் உரக்கப் படித்துக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஆதார் அட்டையில் ஒரு விதமாகவும் பள்ளியில் வேறு விதமாகவும் இருக்கும் பெயர், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறிவிட்டால் பின்னர்த் திருத்துவது பெரும் பிரயாசை. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றும் இப்போது மிக அவசியமாகிவிட்டது. 2020இல் வந்த மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவிகித உள் ஒதுக்கீடும், உயர்கல்வி பயிலும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கும், 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும் அந்த ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கு எடுத்துக்கொள்கின்றன. தேசிய வருவாய் வழித் திறனறித் தேர்வில் தேறிய பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் நான்கு ஆண்டுகள், ஆண்டுக்கு 12,000 ரூபாய் வர வேண்டியிருப்பதால், அதன் விவரங்களையும் வங்கிக் கணக்கு எண்ணையும் ஒரு தாளில் எழுதிப் புதிய பள்ளிக்கு அனுப்பிவிட வேண்டும்.

கடைசித் தேர்வன்று ஒருவர் சட்டையில் ஒருவர் மை தெளிப்பது பிள்ளைகளின் நெடுநாள் சம்பிரதாயம். அதட்டினால் வாசலுக்கு வெளியே போய்த் தெளிப்பார்கள்; ஒரே ஒரு வெள்ளைச் சட்டை உள்ள பிள்ளை அழுதுகொண்டு வீடு போகும். தேர்வு முடிந்த உடனே கையில் வேறு காரியம் கொடுப்பதே இதற்குச் சரியான வழி. பழைய நோட்டுகளிலிருந்து எழுதாத தாள்களைப் பிரித்து, கோணூசியும் நூலும் கொடுத்துத் தைக்கச் செய்து, காலண்டர் அட்டையை மேலே ஒட்டினால், ஒவ்வொருவருக்கும் ஜூன் மாதத்துக்கு ஒரு ரஃப் நோட்டு ஆயிற்று. கோடை விடுமுறையில் பள்ளி மரக்கன்றுகளுக்கு யார் எந்தக் கிழமையில் தண்ணீர் ஊற்றுவது என்ற பட்டியலையும் அன்றே எழுதிக் கதவில் ஒட்டிவிடலாம்.

பள்ளி திறந்த இரண்டாம் வாரத்தில், எட்டாம் வகுப்பை முடித்தவர்களின் பெயர்ப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு தொலைபேசி செய்ய வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று கேட்பதில் பயனில்லை; ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கேட்க வேண்டும். ஓராண்டு அப்படிக் கேட்டபோது ஒரு பெண்ணின் பெயர் அங்கே இல்லை; திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு அவளை அனுப்ப ஏற்பாடாகியிருந்தது. அன்று மாலையே பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவியையும், கும்மி கற்றுக்கொடுத்த பாட்டியையும் அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். நான் சட்டத்தையும் உதவித்தொகையையும் எடுத்துச் சொன்னதைவிட, "என் பேத்தி அந்த பஸ்லதான் போறா, ரெண்டும் சேந்து போவட்டும்" என்று பாட்டி சொன்ன சொல்லுக்கு அந்தத் தகப்பனார் அதிகமாகக் கட்டுப்பட்டார். அடுத்த திங்கட்கிழமை, அந்தப் பெண்ணுக்கு மாற்றுச் சான்றிதழில் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.