மழைக் கணக்கு ஏன் ஓடவில்லை?

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய கோப்பு வந்து சேர்ந்தது. தாத்தாவின் மழை நோட்டை ஒரு தேதிகூட விடாமல் இமேக்ஸ் என்ற எழுத்துத் தொகுப்பானில் அட்டவணையாக ஏற்றி, அதன் கீழேயே மாதக் கூட்டல் போட ஒரு பைத்தான் துண்டும் எழுதியிருக்கிறாய். நல்ல வேலை. "கன்ட்ரோல்-சி ரெண்டு தடவை அடிச்சா ஒண்ணுமே நடக்கல மாமா. நெட்டுல கிடைச்ச செட்டிங் எல்லாம் போட்டுப் பார்த்துட்டேன்" என்று எழுதியிருந்தாய். கணக்கு ஓடாதது பெரிய விஷயமில்லை. கண்ட செட்டிங்கையெல்லாம் போட்டுப் பார்த்ததுதான் எனக்குக் கவலை. இப்போது, இமேக்ஸ் திறக்கும்போது படிக்கிற உன் இனிட் கோப்பில் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும் வரிகள் நிறையக் கிடக்கின்றன. எந்த வரி எதற்கு என்று உனக்கே சொல்லத் தெரியாது. அதை அப்படியே மூடி ஓரமாக வை.

இந்தக் கணக்கு ஓடியே ஆக வேண்டும் என்று நானும் நினைக்கிறேன். தாத்தா மழை அளந்த மாஞ்சோலை, 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த காட்டில் உண்டாக்கிய தேயிலைத் தோட்டம். 2028 வரை குத்தகை இருந்தும் 2024 ஜூனிலேயே வேலை நின்று, லைன்வீட்டுச் சனங்கள் பிழைப்புத் தேடிக் கீழே இறங்க வேண்டியதாயிற்று. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே கொட்டித் தீர்க்கிற மலை அது. 2023 டிசம்பர் 18 காலை 8.30 மணிக்கு எடுத்த 24 மணி நேரக் கணக்கில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர். அதே நாள் மாஞ்சோலையிலும் அரை மீட்டருக்கு மேல். தாமிரபரணி எப்படி வந்தது என்று நீயே பார்த்தாய். அந்த மலையில் இருந்தவர் கைப்பட எழுதிய மழைக் கணக்கை எண்ணும், பக்கத்துக் குறிப்பும், கூட்டலும் ஒரே கோப்பில் இருக்கும்படி வைப்பது அருமையான யோசனை. எந்தக் கணினியிலும், எத்தனை வருஷம் கழித்தும் திறக்கிற வெறும் எழுத்துக் கோப்பு அது.

இமேக்ஸுக்குள் நீ பயன்படுத்துகிற ஆர்க் மோட், கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியல் ஆய்வாளர் 2003-இல் தொடங்கியது. அதற்குள்ளேயே நிரலை ஓட்டுகிற பேபல் பகுதியை எரிக் ஷூல்ட்டும் டான் டேவிசனும் எழுதினார்கள். 2010-இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து அது ஆர்க்கோடு சேர்ந்தே வருகிறது. விளக்கமும் நிரலும் மனிதன் படிக்கும் ஒழுங்கில் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது டொனால்ட் க்னூத் 1984-இல் எழுதிவைத்த கருத்து. வரலாறு இவ்வளவு போதும்.

இனி விஷயத்துக்கு வருவோம். தேயிலைத் தூள் சரியில்லை என்றால் ஃபாக்டரியில் என்ன செய்வார்கள்? வாட்டலில் கெட்டதா, உருட்டலில் கெட்டதா, புளிக்க வைத்ததிலா, உலர்த்தலிலா என்று ஒவ்வொரு கட்டமாகப் பார்ப்பார்கள். உன் துண்டும் அப்படித்தான் நான்கு கட்டம் தாண்டுகிறது. முதலில் ஆர்க் இது ஒரு நிரல் துண்டு என்று அடையாளம் காண வேண்டும். பிறகு அந்த மொழியை ஓட்டும் பகுதி இமேக்ஸில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். அடுத்து உன் கணினியில் பைத்தான் கிடைக்க வேண்டும். கடைசியில் பைத்தான் தந்த விடை ஆர்க் எதிர்பார்க்கும் வடிவில் திரும்பி வர வேண்டும். எங்கே நின்றது என்று தெரியாமல் எதையும் தொடாதே. இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

"ஒண்ணுமே நடக்கல" என்பது அநேகமாக உண்மையாக இருக்காது. திரையின் அடி வரியில் ஒரு செய்தி வந்து, அடுத்த விசை அழுத்தியதும் மறைந்திருக்கும். கன்ட்ரோல்-எச், பிறகு ஈ அடி. இதுவரை வந்த செய்திகள் எல்லாம் வரிசையாக இருக்கும். உன்னுடையதில் "நோ ஆர்க்-பேபல்-எக்ஸிக்யூட் ஃபங்ஷன் ஃபார் பைத்தான்" என்று இருந்தால், இரண்டாம் கட்டத்திலேயே நின்றுவிட்டது என்று அர்த்தம். இமேக்ஸ் தானாக ஓட்டச் சம்மதிப்பது தன் சொந்த லிஸ்ப் மொழியை மட்டுமே. மற்ற மொழிகளை நாம்தான் ஏற்றிக் கொடுக்க வேண்டும். 'ஆர்க்-பேபல்-டூ-லோட்-லாங்குவேஜஸ்' என்ற கட்டளையில் பைத்தானைச் சேர்த்தால் முடிந்தது. பழைய குறிப்பு ஒன்றிலிருந்து நீ எடுத்துப் போட்டிருந்த பட்டியலில் 'எஸ்-எச்' என்று ஒரு மொழி இருந்தது. இப்போது அதன் பெயர் 'ஷெல்'. இல்லாத பகுதியைத் தேடி அந்த வரியிலேயே கட்டளை முறிந்துபோக, பின்னால் இருந்த பைத்தானும் ஏறவில்லை. உன் கணக்கு ஓடாததற்கு முதல் காரணம் இந்த ஒரு சொல்.

அதைச் சரிசெய்ததும் "இந்தத் துண்டை உன் கணினியில் ஓட்டட்டுமா" என்று இமேக்ஸ் கேட்கும். 'எஸ்' என்று முழுதாக அடிக்க வேண்டும். இந்தக் கேள்வி தொல்லை என்று அதை அடியோடு நிறுத்தும் வரியையும் நீ போட்டிருக்கிறாய். எடுத்துவிடு. இன்று உன் கோப்பை நீயே ஓட்டுகிறாய். நாளைக்குக் கூட்டாளி அனுப்பும் கோப்பையும் அதே விசையால்தான் ஓட்டுவாய். அதற்குள் கோப்புகளை அழிக்கும் ஒரு வரி இருந்தால் என்ன செய்வாய்? ஆர்க் கோப்பைத் திறந்தாலே கட்டளை ஓடக்கூடிய ஒரு ஓட்டையை அடைப்பதற்காக 2024 ஜூனில் இமேக்ஸ் 29.4 என்ற பதிப்பையே அவசரமாக வெளியிட்டார்கள். கேள்வி கேட்கிற கருவி நல்ல கருவி.

மூன்றாம் கட்டம் உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு வழக்கமாக வரும். அங்கே நிறுவியிருப்பது 'பைத்தான்3'. வெறும் 'பைத்தான்' என்ற பெயரில் ஒன்றும் இருக்காது. பழைய ஆர்க் வெறும் பெயரைத்தான் கூப்பிடும். "கமாண்ட் நாட் ஃபவுண்ட்" என்று தனிப் பஃபரில் எரர் வரும். 'ஆர்க்-பேபல்-பைத்தான்-கமாண்ட்' என்பதில் 'பைத்தான்3' என்று எழுதிவிடு. டெர்மினலில் ஓடுகிறதே, இங்கே மட்டும் ஏன் ஓடவில்லை என்று கேட்பாய். டெர்மினல் தேடுகிற இடங்களும் ஐகானைத் தட்டித் திறந்த இமேக்ஸ் தேடுகிற இடங்களும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

நான்காம் கட்டத்தில்தான் பிள்ளைகள் அதிகம் திணறுகிறார்கள். துண்டு ஓடுகிறது, எரரும் இல்லை, ஆனால் விடை இருக்க வேண்டிய இடத்தில் 'நன்' என்று ஒரு சொல் மட்டும் நிற்கிறது. நீ 'பிரிண்ட்' போட்டிருப்பாய். ஆர்க் வழக்கமாகக் கேட்பது துண்டு திருப்பித் தரும் மதிப்பை. அது திரையில் எழுதுவதை அல்ல. உன் துண்டை ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்துத்தான் அது ஓட்டுகிறது. ஆகவே கடைசி வரியில் 'ரிட்டர்ன்' வேண்டும். இல்லையென்றால் தலைப்பு வரியில் 'ரிசல்ட்ஸ் அவுட்புட்' என்று எழுதி 'பிரிண்ட்' செய்ததையே வாங்கிக்கொள்ளலாம். இரண்டில் எது வேண்டும் என்று நீதான் முடிவு செய்ய வேண்டும். விடை மறுபடி ஒரு அட்டவணையாக வர வேண்டும் என்றால் 'ரிட்டர்ன்' நல்லது. வழியில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றால் 'பிரிண்ட்'.

தாத்தா எஸ்டேட் வழக்கப்படி இஞ்சிலும் செண்டிலும் எழுதியிருக்கிறார். 3.42 என்றால் 3 இஞ்சு 42 செண்டு. ஒரு இஞ்சு 25.4 மில்லிமீட்டர் என்பதால் அது 86.9 மில்லிமீட்டர். இந்த மாற்றத்துக்கு மேலே ஒரு ஃபங்ஷன் எழுதி, கீழே இன்னொரு துண்டில் அதைக் கூப்பிட்டிருக்கிறாய். அங்கே 'நேம் எரர்' வரும். ஒவ்வொரு துண்டும் புதிதாக ஒரு பைத்தானைக் கிளப்பி, வேலை முடிந்ததும் மூடிவிடுகிறது. முந்தின துண்டில் எழுதியது அடுத்த துண்டுக்குத் தெரியாது. இரண்டுக்கும் ஒரே பெயரில் 'செஷன்' கொடுத்தால் ஒரே பைத்தான் விழித்திருந்து இரண்டையும் ஓட்டும். ஆனால் செஷனுக்குள் உன் துண்டு ஃபங்ஷனில் அடைபடுவதில்லை. அங்கே 'ரிட்டர்ன்' எழுதினால் அதுவே எரர். கூடவே இன்னொரு ஆபத்து: நீ அழித்துவிட்ட பழைய மாறிகளும் செஷனில் உயிரோடு இருக்கும். நேற்று ஓடிய கணக்கு இன்று கணினியைத் திறந்ததும் ஓடாமல் போவது இதனால்தான். கோப்பை ஒருவருக்குக் கொடுப்பதற்கு முன் இமேக்ஸை மூடித் திறந்து, மேலிருந்து கீழே எல்லாத் துண்டையும் ஒருமுறை ஓட்டிப் பார்.

இனி, எனக்கு முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். இவ்வளவையும் சரிசெய்த பிறகும் உன் கூட்டல் 'டைப் எரர்' என்று நிற்கும். எண்ணையும் எழுத்தையும் கூட்ட முடியாது என்று அதற்கு அர்த்தம். ஆர்க் அட்டவணையை பைத்தானுக்கு அனுப்பும்போது எண் மாதிரி இருப்பதை எண்ணாகவும் மற்றதை எழுத்தாகவும் அனுப்பும். வெற்றுக் கட்டம் வெற்று எழுத்தாகப் போகும். தாத்தா நோட்டில் சில நாளுக்குச் சின்னக் கோடு இருக்கிறது, சில நாள் வெறுமையாக இருக்கிறது. நீ அனுப்பிய பக்கப் படங்களைப் பார்த்தேன். கோடு போட்ட நாட்களின் பக்கத்தில் "வெயில்" என்று எழுதியிருக்கிறார். ஜூலை மாதத்து வெற்றுக் கட்டங்களின் ஓரத்தில் பென்சிலில் "கேஜ் சாஞ்சு கிடந்தது" என்று இருக்கிறது. கேஜ் என்றால் மழைமானி. அப்படியானால் கோடு என்றால் மழை பெய்யவில்லை. வெறுமை என்றால் அளக்கவில்லை. எரர் வராமல் இருக்க எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிடலாமா என்று நீ கேட்பாய். வேண்டாம். அப்படிச் செய்தால் மலையில் ஆள் நிற்க முடியாமல் கொட்டிய அந்த ஜூலை, உன் கணக்கில் வறண்ட மாதமாகிவிடும். நிரல் ஒரு முனகலும் இல்லாமல் ஓடும். விடை பொய்யாக இருக்கும்.

கோட்டை 0 ஆக்கு. வெறுமையைக் கூட்டலில் சேர்க்காமல், இந்த மாதத்தில் இத்தனை நாள் அளக்கவில்லை என்று தனியாக எண்ணிக் காட்டு. விடை அட்டவணையில் மாதம், மொத்தம், அளக்காத நாள் என்று மூன்று பத்தி இருக்கட்டும். பென்சில் குறிப்புகளையும் விடாமல் கோப்பில் ஏற்று. வெறும் எண்ணை மட்டும் ஏற்றியிருந்தால் இந்த வேறுபாடே நமக்குத் தெரிந்திருக்காது.

பைத்தானுக்கு உண்மையில் என்ன போய்ச் சேருகிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. துண்டுக்குள் நின்று கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-வி, பிறகு வி அடி. அட்டவணை எல்லாம் சேர்ந்து விரிந்த முழு நிரல் தனியாகத் திறக்கும். எந்த எண் மேற்கோளுக்குள் எழுத்தாக மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அங்கே கண்ணுக்கே தெரியும். கடைசி எழுத்து வி-க்குப் பதிலாக சி அடித்தால், தலைப்பு வரியில் எழுத்துப்பிழை இருப்பதைச் சொல்லும்.

சில்லறைச் சங்கதிகள் சில. கோப்பின் தலையில் 'ப்ராப்பர்ட்டி' வரியை மாற்றினால் அந்த வரியின் மேலும் கன்ட்ரோல்-சி இரண்டு முறை அடிக்க வேண்டும். அதுவரை பழைய மதிப்பே நிற்கும். 'கேஷ்' போட்ட துண்டு மாறாத வரை மறுபடி ஓடாது. தமிழ்ப் பத்திகள் திரையில் கோணலாகத் தெரிவது எழுத்துருவின் அகலத்தால் வருவது. கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அதை நேராக்குகிறேன் என்று ஒரு நாளைக் கழித்துவிடாதே. விண்டோஸ் வைத்திருக்கும் உன் கூட்டாளிக்குத் தமிழ் மாதப் பெயரை 'பிரிண்ட்' செய்யும்போது 'யூனிகோட் என்கோட் எரர்' வந்தால், 'பைத்தான்யூடிஎஃப்8' என்ற சூழல் மாறியை 1 என்று வைக்கச் சொல். "ஆர்க் வெர்ஷன் மிஸ்மேட்ச்" என்று வந்தால் இமேக்ஸோடு வந்த ஆர்க்கும் நீ தனியாக இறக்கிய ஆர்க்கும் கலந்துவிட்டன. ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை எடுத்துவிடு.

எதிலும் பிடி கிடைக்கவில்லை என்றால், இமேக்ஸை மைனஸ் பெரிய க்யூ என்ற ஆப்ஷனோடு டெர்மினலில் இருந்து திற. உன் இனிட் கோப்பைத் தொடாமல் வெறும் இமேக்ஸ் வரும். 'ரெக்வயர்' செய்து 'ஓபி-பைத்தான்' பகுதியை மட்டும் ஏற்றி, ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று ஒரு வரித் துண்டை ஓட்டு. அது ஓடினால் குற்றம் உன் செட்டிங்கில். பழைய வரிகளைப் பாதிப் பாதியாகத் திரும்பச் சேர்த்துக்கொண்டே வா, மாட்டிக்கொள்ளும். அது ஓடாவிட்டால் குற்றம் பைத்தான் பக்கம்.

அதற்கும் மேல் சிக்கல் வந்தால் எனக்கு எழுது. ஆனால் "ஓடல மாமா" என்று மட்டும் எழுதாதே. இமேக்ஸ், ஆர்க், பைத்தான் மூன்றின் பதிப்பு எண், வந்த எரரின் முழு வாசகம், எரர் வரக்கூடிய மிகச் சின்னக் கோப்பு, இந்த மூன்றையும் அனுப்பு. அவற்றைத் தயார் செய்கிற போதே பெரும்பாலும் காரணம் உன் கையில் கிடைத்துவிடும். நோட்டில் இன்னும் ஏற்றாத வருஷங்களை விட்டுவிடாமல் இந்த லீவுக்குள் ஏற்றி முடி. ஓரத்துப் பென்சில் எழுத்தில் புரியாத இடங்களைத் தாத்தாவிடமே கேட்டு எழுதிக்கொள்.

அன்புடன்,
மாமா
பாளையங்கோட்டை