நாசில் அடைத்தால் தண்ணீரைப் பாருங்கள்

ஏர்பிரஷ் அடைத்துக்கொண்டால் எல்லோரும் பெயின்டைத்தான் திட்டுகிறார்கள். சேலம், நாமக்கல் பக்கம் அந்தக் குற்றத்தில் பாதி தண்ணீரைச் சேரும். மிச்சத்தில் பெரும்பங்கு வெயிலுக்கு. சன்போர்டில் லாரியும் பஸ்ஸும் மினியேச்சராகச் செய்து பெயின்ட் அடிக்கும் பழக்கம் எனக்குப் பல வருடமாக உண்டு. இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பையன்கள் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து, அதில் காட்டுகிறபடியே குழாயைத் திறந்து கழுவுகிறார்கள். அவர்கள் குழாயில் வருவது வேறு தண்ணீர், நம் போரில் வருவது வேறு.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய் போர் போட்டுக் கொடுக்கின்றன. நம் ஊர்ப்பக்கம் போர் போட்டால் பல இடங்களில் கிடைப்பது உப்புத் தண்ணிதான். பாறை இடுக்கிலிருந்து வரும் அந்தத் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கும். பக்கெட் அடியிலும் குழாய் முனையிலும் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். லாரிக்கு அடிக்கிற ஸ்ப்ரே கன்னில் நாசில் துளை 1.4 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அதற்கு இந்தப் படிவு ஒரு பொருட்டே இல்லை. ஏர்பிரஷ்ஷுக்கோ 0.3, நுணுக்க வேலைக்கு 0.2. உப்புத் தண்ணியில் அலசி அப்படியே காயவிட்டால், ஊசி நாசிலுக்குள் போய் உட்காரும் இடத்தில் மெல்லிய பொருக்கு கட்டும். அடுத்த முறை பெயின்ட் அந்தப் பொருக்கைப் பிடித்துக்கொண்டு தங்கும். ஊசி முழுதாக மூடாது. காற்றுக்காக ட்ரிகரை லேசாக அழுத்தினாலே கலரும் சேர்ந்து துப்பும்.

இதற்கு மருந்து லாரி ஊரில் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது: பேட்டரித் தண்ணி. பெட்ரோல் பங்கிலும் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையிலும் கேன் கேனாக விற்கும் டிஸ்டில்டு வாட்டர். கடையில் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். பேட்டரி ஆசிட்டும் அங்கேதான் இருக்கும், பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அக்ரிலிக் பெயின்டைக் கலக்கவும் அலசவும் நான் இதைத்தான் எடுக்கிறேன். கைவசம் இல்லாத நாளில் வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் போதும். ஏற்கெனவே பொருக்கு கட்டிவிட்ட நாசிலை வினிகரில் சில நிமிடம் போட்டு, பேட்டரித் தண்ணியில் அலசி எடுக்கலாம். ராத்திரி முழுக்க ஊற வைத்தால் பித்தளையை அரித்துவிடும்.

வெயில் விஷயம் இன்னும் எளிது, ஆனால் யாரும் கேட்பதில்லை. சித்திரை வெயிலில் அக்ரிலிக் பெயின்ட் காற்றில் போகும்போதே பாதி காய்ந்துவிடுகிறது. ஊசி முனையில் ஒரு பொட்டு போல உறைந்து நிற்கும். அதற்குப் பிறகு வருவது ஸ்ப்ரே இல்லை, எச்சில் தெறிப்பு. காலை ஆறு மணிக்கு உட்கார்ந்து ஒன்பதுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள். பெயின்டில் இரண்டு சொட்டு ரிடார்டர் சேர்த்தால் காய்வது தாமதமாகும். அழுத்தம் 15 முதல் 20 பி.எஸ்.ஐ. போதும், காற்று கூடினால் முனை இன்னும் சீக்கிரம் காயும். கைக்குப் பக்கத்தில் ஈரமான பழைய பிரஷ் ஒன்றை வைத்துக்கொண்டு, சில நிமிடத்துக்கு ஒரு தரம் முனையைத் துடைத்துவிட வேண்டும்.

கலர் மாற்றும்போதெல்லாம் பிரித்துப் போட வேண்டியதில்லை. கப்பில் மிச்சமிருப்பதைக் கொட்டி, பேட்டரித் தண்ணி ஊற்றி, காது பட்ஸால் கப்பின் அடியைச் சுற்றித் துடையுங்கள். பிறகு முன்முனையைத் துணியால் பொத்திக்கொண்டு ட்ரிகரை மெதுவாக இழுத்தால், காற்று பின்னால் திரும்பிக் கப்பில் குமிழிவிடும். வாய் கொப்பளிப்பது மாதிரிதான். உள்ளே ஒட்டியிருக்கும் கலர் வெளியே வந்துவிடும். கொட்டிவிட்டு வெள்ளைத் தாளில் அடித்துப் பார்த்து, நிறம் தெரியாமல் போகும் வரை திரும்பச் செய்யுங்கள். வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கடைசியாகக் கறுப்பு என்று வரிசை வைத்துக்கொண்டால் இந்த வேலை பாதியாகும். சில்வரை வேறொரு நாளைக்குத் தள்ளுங்கள். அதன் மினுக்குத் துகள் எங்கே ஒளிந்திருக்கும் என்றே தெரியாது. மறுநாள் கறுப்பு சேஸிஸில் வந்து மின்னும்.

நாள் முடிவில் பிரிக்கத்தான் வேண்டும். வாஷ்பேசின் மேல் நின்று பிரிக்காதீர்கள். ஒரு தட்டில் வெள்ளைத் துண்டை விரித்து அதன் மேல் பிரியுங்கள்; நாசில் அரிசி மணி அளவுதான், தண்ணீரோடு போனால் போனதுதான். முதலில் பின்கைப்பிடியைக் கழற்றி, ஊசியைப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தி, ஊசியைச் சற்றுப் பின்னுக்கு இழுங்கள். அதற்குப் பிறகே நாசிலைத் தொட வேண்டும். ஊசியைத் துடைக்கும்போது தடித்த பக்கத்திலிருந்து முனையை நோக்கி, உருட்டியபடியே ஒரே திசையில் துடைக்க வேண்டும். எதிர்த் திசையில் போனால் முனை வளையும், விரலிலும் ஏறும். முனை வளைந்திருக்கிறதா என்று பார்க்க நகத்தின் மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள், கீறினால் வளைந்திருக்கிறது. 2000 நம்பர் எமரி தாளில் படுக்க வைத்து உருட்டினால் சின்ன வளைவு நேராகிவிடும். நாசிலைத் திரும்ப மாட்டும்போது கை பலத்தைக் காட்டக் கூடாது. அந்த மரை நூல் போல மெல்லிசு, முறிந்தால் பாதி உள்ளேயே தங்கிவிடும்.

நாசில் வாயில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு வந்தால் கலர் விட்டுவிட்டு வரும், கப்பில் தானாகக் குமிழ் எழும். அதைப் பார்க்க லென்ஸ் வேண்டும். சேலம் செவ்வாய்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைக்காரர்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில், கண்ணில் மாட்டிக்கொள்ளும் லென்ஸ் கிடைக்கும். நாசிலுக்குள் விட்டுத் துடைக்கத் தோதான மெல்லிய பிரஷ்ஷும் அங்கேயே தேடலாம். வெள்ளி கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டி ஏர்பிரஷ்ஷுக்கும் நன்றாக வேலை செய்யும். தண்ணீரும் துளி ஷாம்பும் மட்டும் ஊற்றுங்கள். அதில் தின்னரை ஊற்றுவது தீக்குச்சியோடு விளையாடுவது.

தின்னர் என்றதும் இன்னொன்று. லாரி பெயின்டர்கள் எதற்கெடுத்தாலும் என்.சி. தின்னரில் முக்குவார்கள். அவர்கள் கன் அதைத் தாங்கும். நம் ஏர்பிரஷ்ஷில் இருப்பது சாதா ரப்பர் ஓ-ரிங்காக இருந்தால், தின்னரில் ஊறி உப்பிவிடும். நாசிலையும் ஊசியையும் தனியே எடுத்துத் தின்னரில் துடைக்கலாம். முழு ஏர்பிரஷ்ஷையும் ஊறப் போடக் கூடாது. ட்ரிகர் இறுகினால் துளி கிளிசரின் விடுங்கள். சிலிக்கான் ஸ்ப்ரே பக்கமே போகாதீர்கள். அது பெயின்டில் பட்டால் குழி குழியாக விலகும். பட்டறையில் அதைத்தான் 'ஃபிஷ் ஐ' என்று தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

பிரஷ் விஷயத்தில் என் வாத்தியார், நாமக்கல் பாடி பில்டிங் பட்டறை ஒன்றில் லாரிக்கு எழுத்து எழுதிய ஒரு பெரியவர். ஸ்டிக்கர் வந்த பிறகு அவருக்கு வேலை குறைந்துவிட்டது. "தம்பி, பிரஷ்ஷ நிக்க வெக்காதீங்க, படுக்க வைங்க" என்பார். ஈரத்தோடு நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் தகர வளையத்துக்குள் இறங்கிப் பசையை இளக்கும், முடி உதிரும். டப்பாவில் தலைகீழாக நின்றால் முனை வளைந்துவிடும். பெயின்டில் முக்கும்போதும் முடியின் பாதிக்கு மேல் போகக் கூடாது; வளையத்துக்குள் காய்ந்த பெயின்ட் முடியைப் பிளந்து விரித்துவிடும். எனாமலாக இருந்தால் டர்பன்டைனில் அலசிவிட்டு ஷாம்பு போட வேண்டும். குளியல் சோப்பு வேண்டாம். உப்புத் தண்ணியில் சோப்பு நுரைக்காது, பிசுபிசுப்பான வெள்ளைக் கசடாக முடிக்குள் தங்கும். ஷாம்புக்கு அந்தத் தொல்லை இல்லை. கழுவிய பின் விரலால் முனையைக் கூராக்கிப் படுக்க வைத்துவிடுங்கள்.

கீரி முடி பிரஷ் என்று யாராவது காட்டினால் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். ஒரு பிரஷ் முடிக்காகக் கீரியைக் கொல்கிறார்கள். இப்போதைய நல்ல சிந்தெடிக் பிரஷ்ஷே மினியேச்சர் வேலைக்குப் போதும். முனை கொக்கி போல வளைந்தால் சுடுநீரில் ஒரு நொடி முக்கி எடுங்கள், பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கம்ப்ரஸர் டேங்கின் அடிக் குழாயைத் தினமும் திறந்து தண்ணீரை வடியுங்கள். பஞ்சர் கடைக் காற்றை இரவல் வாங்கி அடிக்கிறவர்கள் உண்டு. எண்ணெயும் ஈரமும் கலந்த அந்தக் காற்று நல்ல பெயின்டைக் கெடுத்துவிடும்.

வாங்கும்போதே கூடுதலாக ஒரு ஊசி, ஒரு நாசில், ஓ-ரிங் செட் சேர்த்து வாங்கிவிடுங்கள். மலிவான மாடல்களுக்குப் பிறகு உதிரிபாகம் தேடி அலைய வேண்டிவரும். தின்னரில் கழுவுகிற நாளில் ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்பு, ஊதுபத்தி எதுவும் வேண்டாம். துணி மாஸ்க் தின்னர் நெடியைத் தடுக்காது. கரி கேட்ரிட்ஜ் போட்ட மாஸ்க்கைத்தான் மாட்ட வேண்டும்.